பசை காயும் நேரம்

மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் விடாமல் கிண்டி, பளபளப்பு ஏறும்போது துளி மயில்துத்தம் போட்டு இறக்கினால் பைண்டிங் பசை தயார். மயில்துத்தம் சேர்ப்பது பூச்சி அரிக்காமல் இருக்க. பழைய பட்டறைகளில் நோட்டுக்கும் கணக்குப் பேரேட்டுக்கும் அதுதான் காவல். ஆனால் அது விஷம். பட்டறையில் பசைக்கென்று தனி அடுப்பு இருக்கும். தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் காலையில் சாம்பார் கொதித்து இறங்கிய அதே அடுப்பில்தான் பசையும் வேகும். கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஓர் அலுமினியச் சட்டி, ஒரு மரக்கரண்டி, இரண்டையும் சமையல் பாத்திரங்களோடு சேர்க்காமல் பரண்மேல் ஏற்றிவிடுவது என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தோம். இளையவள் தவழத் தொடங்கிய மாதம் மயில்துத்தத்தை வீட்டைவிட்டே வெளியேற்றினேன். அன்றிலிருந்து இரண்டு நாளுக்கு வேண்டிய பசையை மட்டும் கிண்டுகிறேன்; மீந்தால் கொட்டிவிடுகிறேன். ஒரு தொழிலின் செய்முறையையே ஒரு குழந்தையின் தவழல் மாற்றிவிட்டது.

கையால் தைத்த நோட்டு, டைரி, வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை, மொய்க் கவர், பரிசுப் பை, புத்தகக் குறி என்று காகிதத்தை நம்பி வீட்டுக்குள் நடக்கும் சிறுதொழில்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. இவற்றை நடத்துகிறவர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தாய்மார்கள். எங்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டையும் இதையும் எப்படிப் பேலன்ஸ் பண்றீங்க?" அந்தக் கேள்வியில் ஒரு தராசு ஒளிந்திருக்கிறது. தராசுக்கு இரண்டு தட்டு வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே மேசை. இதைப் பற்றிப் புள்ளிவிவரம் என்ன சொல்கிறது, ஆய்வாளர்கள் என்ன சொன்னார்கள், சட்டம் எங்கே நிற்கிறது, காகிதமும் பசையும் என்ன சொல்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, இது எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்ற கணக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெளிவாகிறது. அறுபடாத நேரம் யாருக்குக் கிடைக்கிறது, அதற்கான விலையை வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஒரு சாதாரண தையல் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வளைத்துப் பார்த்து வெட்ட வேண்டும். நார் முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் நோட்டு விரிந்து படுக்காது, அட்டையும் கோணும். வெட்டிய தாள்களை நான்கு நான்காக மடித்து, மடிப்பை எலும்பு மடிப்பானால் அழுத்தி, ஊசித் துளையிட்டு, மெழுகு பூசிய நூலால் ஒவ்வொரு கட்டாகத் தைத்துச் சேர்க்க வேண்டும். முதுகில் பசை தடவிக் காய விட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் அட்டையை அளந்து வெட்டி, காலிகோ துணியையோ கைத்தாளையோ ஒட்டி, மூலைகளை மடக்கி, உள்தாளை ஒட்டிப் பாரத்தின்கீழ் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாரம் என்பது அம்மிக்குழவியும் இரண்டு அகராதிகளும். ராத்திரி வைத்தால் காலையில் எடுக்கலாம்.

இந்தப் படிகளைப் பார்த்தால், இவை வீட்டுக்கென்றே அளந்து செய்தவை போலத் தோன்றும். மடிப்பது குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொண்டே செய்யக்கூடிய வேலை. தையலை ஒரு கட்டு முடிந்ததும் நிறுத்தலாம். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய் வரலாம். பசை காயும் நேரத்தில் துணி துவைக்கலாம், காய் நறுக்கலாம், பள்ளிக்கூட வேனுக்குப் போய் நிற்கலாம். காத்திருப்பு அதிகமுள்ள தொழில் இது. வீட்டு வேலையும் காத்திருப்பால் ஆனது: பருப்பு வேக, மாவு புளிக்க, பால் உறைய. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழைந்துகொள்கிறது. பல பெண்கள் தையல் மிஷினையோ இட்லி மாவு வியாபாரத்தையோ விட்டுக் காகிதத்துக்கு வருவதற்கு இந்தப் பொருத்தம் ஒரு பெரிய காரணம். சத்தம் இல்லை, கெட்டுப்போகும் பண்டம் இல்லை, முதல் போடத் தொடக்கத்தில் ஒரு கத்தி, ஸ்கேல், ஊசி, ஐந்தாறு தாள்கள் போதும்.

ஆனால் எல்லாப் படியும் அப்படிப்பட்டவை அல்ல. அட்டையை வெட்டும்போது நடுவில் எழுந்தால் வெட்டு கோணும். ஈரப்பசை தடவிய துணியை அட்டையில் ஒட்டும் இரண்டு நிமிடத்தில் கதவு மணி அடித்தால் அந்த அட்டை போனது போனதுதான். கல்யாணப் பத்திரிகையில் பெயரும் முகூர்த்த நேரமும் சரிபார்ப்பது எல்லாவற்றிலும் கடுமையானது. அதைப் பாதியில் விட்டு மீண்டும் உட்கார்ந்தால் கண் முன்பு பார்த்ததையே பார்க்கும், புதிய பிழையைப் பார்க்காது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதின் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் அலுவலக வேலையை வைத்து எழுதினார். கவனத்தின் எச்சம் என்பது அவர் தந்த கருத்து. அடுப்படிக்கும் பைண்டிங் மேசைக்கும் இடையே ஒரு நாளில் முப்பது முறை போய்வருகிறவளிடம் கேட்டிருந்தால் இந்த எச்சத்தின் எடையை இன்னும் துல்லியமாகச் சொல்லியிருப்பாள். ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்ற சந்தேகத்தோடு வெட்டிய அட்டை எப்போதும் ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கும்.

ஆகவே இந்தத் தொழிலில் உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டிய பிரிவினை, வேலை நேரம், வீட்டு நேரம் என்பது அன்று. அறுத்தாலும் பொறுக்கும் வேலை எது, அறுத்தால் கெடும் வேலை எது என்பதுதான். மடிப்பு, துளை, தையல், பேக்கிங் முதல் வகை. வெட்டு, ஒட்டு, பிழை திருத்தம், கணக்கு இரண்டாம் வகை. முதல் வகையை நாள் முழுக்க இறைத்து வைக்கலாம். இரண்டாவதற்கு வாரத்தில் மூன்று நாளாவது, இரண்டிரண்டு மணி நேரமாவது, யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தை வாங்குவதில்தான் குடும்பத்தின் உண்மையான நிலை வெளிப்படும்.

வாரத்தைவிட வருடம் கொடுமையானது. காகிதத் தொழிலுக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். அங்கிருந்து டைரிக்கும் காலண்டருக்கும் பருவம் தொடங்கிவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆகவே பத்திரிகை வேலை படுத்துவிடும். அந்த ஒரு மாதம்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரம். ஆனால் அதே மாதத்தில் அம்மன் கோயில் கூழும் ஆடி வெள்ளியும் ஊரிலிருந்து வரும் உறவும் வீட்டை நிறைத்துவிடும். ஆவணி பிறந்தால் முகூர்த்தம், பத்திரிகை. புரட்டாசியில் நவராத்திரி: கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் குட்டி நோட்டும் பையும் கேட்பார்கள், நம் வீட்டிலும் ஒன்பது நாள் சுண்டல் வேக வேண்டும். ஐப்பசியில் தீபாவளிப் பரிசுப் பெட்டிகள். மார்கழியில் கோலமும் டைரியும் ஒரே விடியலில் போட்டியிடும். தையில் மறுபடி முகூர்த்தம். மாசி, பங்குனியில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு. அதைத் தொட்டே கோடைக் கல்யாணங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பெயர் லேபிள் கேட்டு அக்கம்பக்கத்தார் எல்லாம் வருவார்கள். நம் பிள்ளைகளின் நோட்டுக்குப் பிரவுன் அட்டை போடுவது கடைசி ராத்திரிதான்.

இரண்டு பஞ்சாங்கமும் ஏன் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன? காரணம் எளிது. நாங்கள் விற்பது கொண்டாட்டத்துக்கான காகிதம். ஊர் வீடுகளில் விசேஷம் வரும்போதுதான் எங்களுக்கு வேலை. ஊருக்கு விசேஷம் என்றால் நம் வீட்டுக்கும் விசேஷம். காய்கறிக் கடைக்காரருக்கோ பேருந்து ஓட்டுநருக்கோ இந்தச் சுமை வேறு அளவில் உண்டு. பண்டிகைக்கான பொருளை வீட்டிலேயே செய்து விற்கும் பெண்ணுக்கு அது இரண்டு மடங்கு, ஏனென்றால் தன் வீட்டுப் பண்டிகையை நடத்திவைப்பதும் அவள்தான்.

இதில் வானமும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. டைரி கட்டுவதும் அப்போதே. டெல்டாவில் ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரத்துணி போல இருக்கும். பசை காயாது, காய்ந்தது போல் காட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் நாற்பது டைரிகளுக்கு அட்டை ஒட்டிவிட்டு, பெரியவனுக்குக் காய்ச்சல் என்று அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உள்தாளை ஒட்டாமல், பாரம் வைக்காமல் போய்விட்டேன். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறிய அட்டை காயும்போது அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு வளையும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது நாற்பதும் ஓடம் போல வளைந்து கிடந்தன. முன்பணம் வாங்கியிருந்தேன், மறுபடி செய்து கொடுத்தேன். நஷ்டம் பணத்தில் பெரிதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, குழந்தையின் நெற்றியில் கை வைத்தபடி, அட்டைகளை நினைத்துக்கொண்டிருந்தேனே, அது என்னை வெகுநாள் உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் வேறொருவருக்குப் பாரம் வைக்கத் தெரிந்திருந்தால் போதும் என்று புரிந்துவிட்டது.

எண்களுக்கு வருவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை, அரை மணிக் கட்டங்களாக, யார் என்ன செய்தார்கள் என்று கேட்டுக் குறித்த கணக்கு. 2019இல் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் சுமையைக் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மட்டும் அது மாறவே இல்லை. நாள்தோறும் மூன்று மணி இருபது நிமிட வித்தியாசம். நான் மேலே கேட்ட வாரத்துக்கு ஆறு மணி நேரம், இந்த வித்தியாசத்தில் இரண்டு நாள் கணக்குக்கும் குறைவு.

அரை மணிக் கட்டம் என்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏழு நிமிடம் தைத்து, நான்கு நிமிடம் பால் பார்த்து, பன்னிரண்டு நிமிடம் கணக்கு வீட்டுப்பாடம் சொல்லி, மறுபடி தைத்தவளின் அரை மணியை எந்தப் பெயரில் எழுதுவது? வீட்டுத் தொழில் செய்யும் பெண்ணிடம் "நேத்து எவ்வளவு நேரம் வேலை செஞ்சீங்க?" என்று கேட்டால் குறைத்துத்தான் சொல்வாள். உட்கார்ந்த நேரம்தான் வேலை என்று அவளே நினைத்திருப்பாள்.

இந்தக் குறைத்துச் சொல்லுதலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆந்திராவின் நரசாப்பூரில் வீடுகளில் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது, வியாபாரிகள் செழித்தார்கள். பின்னியவர்களோ தொழிலாளர்களாகவே எண்ணப்படவில்லை. ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்று வியாபாரிகளும் சொன்னார்கள், அரசும் அப்படியே பார்த்தது. அந்த ஒரு பெயர்தான் அவர்களுடைய கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தது என்பது மீஸின் வாதம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாதம் பழசாகவில்லை. "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல ஏதோ பண்றா" என்று உறவினர் பரிவோடு சொல்லும்போது ஒரு நோட்டின் விலை பத்து ரூபாய் இறங்கிவிடுகிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தலைமுறைகளாகப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக் கூடு ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை எண்ணிக்கையோ அத்தனைக்குக் கூலி. பசை, காகிதம், அட்டை எல்லாம் காகிதத் தொழிலின் பொருள்களே. அழகிய தையல் நோட்டு செய்யும் நான் அந்தப் பெண்களிலிருந்து வேறு சாதி போல நினைத்துக்கொள்ளலாம். வடிவமும் விலையும் என் கையில் இருக்கின்றன என்பது உண்மையான, பெரிய வித்தியாசம்தான். ஆனால் வீட்டின் இடைவெளிகளில் வேலையை நுழைத்து, அந்த நேரத்துக்கு விலை போடாமல் விடும் பழக்கம் இரு தரப்புக்கும் பொது.

சட்டம் மெதுவாகத்தான் வந்திருக்கிறது. 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு, வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களுக்குத் தொழிலாளர் என்ற அடையாளத்தைக் கேட்டுப் போராடியது. 1996இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை உடன்படிக்கையை, அதன் 177ஆம் உடன்படிக்கையை, நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று ஒப்பவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வேறொருவருக்காக வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவரை வரையறுத்துச் சேர்த்திருக்கிறது. சொந்தமாகச் செய்து விற்பவள் அதில் சுயதொழில் செய்பவள். பிரசவ விடுப்போ, நோய் விடுப்போ கொடுக்க அவளுக்கு முதலாளி இல்லை. முதலாளியும் அவளே என்பதால் விடுப்பு கொடுப்பதும் அவள் பொறுப்பு, கொடுப்பதில்லை.

வீட்டுக்குள் செய்யும் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு தீர்ப்பில் சொன்னது. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், குடும்பத்தைப் பார்த்துக்கொண்டதன் மூலம் மனைவியும் பங்களித்திருக்கிறார், அவருக்குச் சம பங்கு உண்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது 'உதவி' என்ற சொல்லைத் தவிர்த்து 'உரிமை' என்றே பெயரிட்டது. என் மதிப்பில், நேரம் என்ற கோணத்தில் இவற்றைவிட உடனடியாக உதவுவது 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புக் குழந்தைக்குப் பள்ளியில் சூடாகச் சாப்பாடு கிடைத்தால், வீட்டில் ஒரு பெண்ணுக்குக் காலை ஆறரை முதல் ஏழரை வரை ஒரு கை விடுபடுகிறது. குடும்ப நேரம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு ஊர் பொதுவில் ஏற்றுக்கொள்ளக்கூடிய வேலை என்பதற்கு அது சான்று.

விலைக்கு வருகிறேன். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. என் சொந்தக் கணக்கைத் தருகிறேன். ஒரு தையல் நோட்டை 250 ரூபாய்க்கு விற்றேன். தாள், அட்டை, துணி, நூல், பசை 110 ரூபாய், பேக்கிங் 20. மீதி 120. வெட்டி மடிக்க 25 நிமிடம், தைக்க 35, மேலட்டைக்கு 30. மொத்தம் ஒன்றரை மணி. மணிக்கு 80 ரூபாய் என்று திருப்தியாக இருந்தேன். பிறகு ஒரு வாரம் மற்ற வேலைகளையும் குறித்து வைத்தேன்: வாட்ஸ்அப்பில் நிறம் கேட்பவருக்குப் பதில், படம் எடுத்து அனுப்புவது, முகவரி எழுதுவது, தபால் நிலையத்துக்குப் போய்வருவது. ஒரு நோட்டுக்கு இன்னும் அரை மணி. மணிக்கு 60 ரூபாய் ஆகிவிட்டது. அறுபதுக்குள் வீட்டு மின்சாரம் இல்லை, கத்தித் தேய்மானம் இல்லை, வளைந்து போன நாற்பது அட்டைகள் இல்லை.

அந்த அரை மணிதான் குடும்பத்தை மிகவும் அரிக்கிறது. தைக்கும்போது நான் பிள்ளைகளோடு இருக்கிறேன். கை வேலை செய்யும், காது அவர்களுடையது. போனில் பதில் எழுதும்போது நான் அங்கே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு "அக்கா, ரெடியா?" என்று வரும் செய்திக்கு உடனே பதில் போடாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் முதல் இரண்டு வருடம் இருந்தது. பதில் நேரம் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை என்று எழுதிப் போட்ட பிறகு போன ஆர்டர்கள் மிகச் சில. தபாலிலும் ஒரு மாற்றம்: 2025இல் ரிஜிஸ்டர் தபால் தனியாக இல்லாமல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. சிறு பொட்டலம் அனுப்புகிறவர்கள் அனுப்பும் செலவை மறுபடி கணக்கிட வேண்டியிருந்தது. நான் அந்தச் சாக்கில் விலையையே 320க்கு ஏற்றினேன். முன்பே செய்திருக்க வேண்டியது. எண்ணிக்கை குறைந்தது, வருமானம் குறையவில்லை, மாலைகள் கொஞ்சம் திரும்பி வந்தன. தொழிலைச் சிறிதாக வைத்துக்கொள்ள விரும்புகிறவளுக்கு இருக்கும் முதல் கருவி விலைதான். நேர நிர்வாகம் பற்றி எத்தனை அறிவுரை சொன்னாலும் குறைந்த விலை அதைத் தின்றுவிடும்.

இடம் பற்றியும் ஆய்வாளர்கள் யோசித்திருக்கிறார்கள். 1996இல் கிறிஸ்டினா நிப்பர்ட்-எங், வேலையையும் வீட்டையும் மக்கள் எப்படிக் கலக்கிறார்கள், எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைச் சாவிக்கொத்து, காலண்டர் போன்ற அன்றாடப் பொருள்களை வைத்தே ஆராய்ந்தார். 2000இல் சூ கேம்ப்பெல் கிளார்க் இதை எல்லை என்ற உருவகத்தில் வளர்த்தார். வீடு ஒரு நாடு, வேலை ஒரு நாடு. தினமும் எல்லையைக் கடக்கிறோம். இரு பக்கமும் எல்லைக் காவலர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் மேலதிகாரி, வீட்டில் துணைவர். கடப்பவர் தனியாக எல்லையை அமைக்க முடியாது, காவலர்களோடு பேசித்தான் அமைக்க வேண்டும் என்பது அவர் கருத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

எங்கள் வீட்டில் எல்லைக் காவலர் என் அத்தை, கணவரின் அம்மா. சாப்பாட்டு மேசையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் மேசை எப்போதும் இரண்டுக்கும் பாதிப் பாதி; சோறு பரிமாறும்போது காகிதத்தைச் சுருட்டி எடுப்பதிலேயே அரை மணி போகும். குழம்பு சிந்திய பத்திரிகைகள் பத்தாவது இருக்கும். ஒரு நாள் அத்தைதான் தன் அறையின் ஜன்னலோரத்தைக் காட்டி, "இங்க போட்டுக்க. நான் பாட்டுக்குப் படுத்திருக்கப் போறேன்" என்றார். நாலடிக்கு இரண்டடி மேசை. அதன்மேல் இருப்பதை யாரும் எடுக்கக்கூடாது, அதன்மேல் காபி டம்ளர் வைக்கக்கூடாது. தனி அறையைப் போல அது கதவை மூடவில்லை. ஆனால் பாதியில் விட்ட வேலை பாதியிலேயே இருக்கும் என்ற உறுதியைக் கொடுத்தது. அந்த உறுதி ஒரு மணி நேரத்துக்குச் சமம். அத்தை படுத்திருக்கவும் இல்லை. நூலுக்கு மெழுகு பூசக் கற்றுக்கொண்டார். மதியம் யாராவது வந்தால், "அவ வேலையா இருக்கா, நாலு மணிக்கு மேல வாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். அதே வாக்கியத்தை நான் சொன்னால் திமிர் என்பார்கள்.

எல்லோருக்கும் அப்படி ஒரு அத்தை வாய்ப்பதில்லை என்பதை அறிவேன். கூட்டுக் குடும்பம் கைகொடுக்கும் துணையாகவும் இருக்கலாம், கூடுதல் சுமையாகவும் இருக்கலாம்; வயதானவருக்கு மருந்து, கஞ்சி, ஆஸ்பத்திரி என்று வந்தால் முதலில் மூடப்படுவது மருமகளின் மேசைதான். பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேபிள் ஒட்ட ஆசைப்பட்டு வரும் பிள்ளையோடு சேர்ந்து ஒட்டுவது சந்தோஷம். ஆர்டர் நெருக்கடியில் அதே பிள்ளையை இருநூறு லேபிள் ஒட்டச் சொல்வது வேறு. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் பட்ட பாட்டை அறிந்த மாநிலத்தில் இந்தக் கோட்டை நாம் கவனமாகவே போட வேண்டும். எங்கள் வீட்டில் விதி: அவர்களாக வந்து உட்கார்ந்தால் உண்டு, கூப்பிடுவதில்லை.

இதற்கெல்லாம் மாற்றாக வேலையை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாமே என்று ஒரு தரப்பு சொல்கிறது. வலுவான தரப்பு அது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பட்டறை 1959 முதல் பருத்திக் கழிவிலிருந்து தாள் செய்கிறது. அங்கே வேலை பட்டறையில் தொடங்கிப் பட்டறையில் முடியும். சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் வேரூன்றியதிலிருந்து, கூட்டாக ஒரு கூடம் எடுத்துச் செய்யும் வழியும் தமிழகத்துக்குப் பழக்கமானது. நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வெட்டும் இயந்திரம் வாங்கினால், வெட்டு வேலை வாரத்தில் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். இயந்திரத்தைவிட முக்கியம், "நான் கூடத்துக்குப் போறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொள்ள முடிவது. வெளியே போகும் வேலையை வீடு மதிக்கிறது. கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் பெரியவரோ உள்ள வீட்டுக்கு அந்த வழி அடைபட்டது என்பதையும் மறக்க முடியாது.

இங்கே ஒரு தஞ்சாவூர்க்காரரை நினைத்துக்கொள்கிறேன். ஜே.சி. குமரப்பா 1892இல் இந்த ஊரில் பிறந்தவர். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். அந்தச் சங்கம் புத்துயிர் கொடுத்த தொழில்களில் கைத்தாளும் ஒன்று. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைத்தாள் நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. தொழில் மனிதரை அவர் வாழும் இடத்திலிருந்து பிடுங்கக்கூடாது என்ற அந்தத் தலைமுறையின் நம்பிக்கை எனக்கும் உண்டு. அதனால்தான் இந்த மேசையை விடாமல் இருக்கிறேன். ஆனால் குடிசைத் தொழில் என்று சொல்லும்போது குடிசைக்குள் நேரம் சும்மா கிடக்கிறது, எடுத்துப் பயன்படுத்தினால் போதும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. குடிசைக்குள் அடுப்பும் தொட்டிலும் தண்ணீர்க் குடமும் இருந்தன. கருவியையும் மூலப்பொருளையும் வீட்டுக்குக் கொண்டுவந்த சிந்தனை, வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பங்கிடுவது வரை வந்திருந்தால் கைத்தொழிலின் கதையே வேறாக இருந்திருக்கும்.

நிப்பர்ட்-எங் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளின் தேர்வு, அத்தையின் கண் பரிசோதனை, கணவரின் பஸ் பயணம், கேஸ் பதிந்த நாள் எல்லாம் பேனாவில் இருந்தன. என் ஆர்டர்கள் மட்டும் பென்சிலில். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. எதற்காவது நாள் மாற்ற வேண்டிவந்தால் எதை மாற்றுவது என்பதை நானே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருந்தேன்.

இந்த ஆவணியில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஐப்பசிக்கும் மார்கழிக்கும் திட்டம் போட்டோம். டைரி 60க்கு மேல் எடுப்பதில்லை. திங்கள், புதன், வெள்ளி பத்து முதல் பன்னிரண்டு வரை வெட்டும் ஒட்டும். அந்த நாட்களில் காலைச் சமையலும் டிபன் பாக்ஸும் கணவர் பொறுப்பு. பாரம் வைக்க அவரும் பெரியவனும் கற்றுக்கொண்டாயிற்று. நான் பென்சிலை எடுத்துக் கட்டங்களில் எழுதத் தொடங்கினேன். கட்டிலில் உட்கார்ந்து மெழுகு பூசிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்து, "அது அழிஞ்சிடும்மா. பேனாவுல எழுது" என்றார்.